ஒரே தொட்டியில் இரண்டு வகைப் பல்லிகள்: கேள்வி பதில்

கேள்வி: என் லெப்பர்ட் கெக்கோ இருக்கும் நான்கடித் தொட்டியில் பாதி இடம் சும்மா கிடக்கிறது. பியர்டட் டிராகன் ஒன்றையும் அதிலேயே விடலாமா?

பதில்: வேண்டாம். ஆஸ்திரேலிய வறண்ட நிலத்து டிராகன், பகலில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் படுத்துக் காயும். லெப்பர்ட் கெக்கோவுக்கு 32 டிகிரி போதும், அதுவும் அந்தி சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். ஒன்று தூங்கும்போது மற்றது நடமாடும். அதோடு, வளர்ந்த டிராகன் தன் வாய்க்கு அடங்குகிற எதையும் தீனியாகத்தான் பார்க்கும். குட்டி கெக்கோவும் அதில் சேர்த்திதான்.

கேள்வி: லெப்பர்ட் கெக்கோவையும் ஃபேட்-டெய்ல்ட் கெக்கோவையும் சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்று மாதமாகச் சண்டையே இல்லை. ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்குகின்றன. பாசம்தானே?

பதில்: பாசமில்லை. மேலே இருப்பது சூடான இடத்தைப் பிடித்துக்கொண்டது, கீழே இருப்பது விட்டுக்கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். என்னிடமும் முன்பு இரண்டு பெண் லெப்பர்ட் கெக்கோக்கள் ஒரே தொட்டியில் இருந்தன. கடியில்லை, காயமில்லை. தட்டில் போட்ட புழு காலியாவதைப் பார்த்து, இரண்டும் சாப்பிடுகின்றன என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கையில் எடுத்தபோதுதான் ஒன்றின் வால் பென்சில்போல மெலிந்திருப்பது தெரிந்தது. அவை கொழுப்பைச் சேர்த்து வைப்பதே வாலில்தான். தனியாக மாற்றிய பிறகு அந்த வால் பழையபடி பருக்க மாதக்கணக்கானது. இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படும்.

வாரம் ஒருமுறை ஒரு டப்பாவில் விட்டு, சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை இறங்கத் தொடங்கினால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசு காட்டிவிடும். உங்கள் ஜோடிக்கு ஈரப்பதமும் ஒத்துவராது: மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஃபேட்-டெய்ல்டுக்கு லெப்பர்டைவிடக் கூடுதலாக வேண்டும். பிரித்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டும் ஆரோக்கியமாகத்தான் தெரிகின்றன. நோய் பரவுமா?

பதில்: பரவும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி எச்சம் வழியாகத் தொற்றும். வெளியே அறிகுறியே இல்லாத பல்லியும் அதைச் சுமந்திருக்கலாம். தீர்க்க மிகக் கடினம், ப்ளீச் போட்டாலும் எளிதில் சாகாது. புதிதாக வருவதைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள், தனி இடுக்கி, தனித் தட்டு. எச்சத்தை மருத்துவரிடம் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். ஒருமுறை பரிசோதித்ததில் எதுவும் தெரியவில்லை என்று நிம்மதியாகிவிட வேண்டாம், சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

கேள்வி: உயிரியல் பூங்காக்களில் சேர்த்து வைக்கிறார்களே?

பதில்: அங்கே கூண்டே ஓர் அறை அளவு இருக்கும், பிரச்சினை என்றால் உடனே மாற்றத் தனி இடமும் இருக்கும்.

கேள்வி: சரி, பிரிக்கிறேன். ஆனால் இப்போதைக்கு ஒரே தொட்டிதான். நடுவில் கண்ணாடி வைக்கலாமா?

பதில்: கண்ணாடி வழியே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும், பதற்றம் தீராது. அதற்குப் பதில், காற்றோட்டத் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி போதும். அடியில் டிஷ்யூ பேப்பர், ஒரு மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம், ஒரு பக்கம் மட்டும் தெர்மோஸ்டாட் (சூடு கூடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) இணைத்த சூட்டுப் பாய். லெப்பர்ட் கெக்கோ அதில் சில வாரம் நன்றாகவே இருக்கும். இன்று ராத்திரியே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது வாலைப் பிடிக்காதீர்கள், கழன்றுவிடும்.