டெலிவரி ஆகிவிட்டது என்கிறார்கள், பார்சலைக் காணோம். பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்கரை ஊர். ஆன்லைனில் முழுப் பணமும் கட்டி வாங்கிய செல்போன் நேற்றே டெலிவரி ஆகிவிட்டதாகக் காட்டுகிறது. வீட்டுக்கு யாரும் வரவில்லை. கூரியர் ஆபீஸில் கேட்டால் கொடுத்தாச்சு என்கிறார்கள். பணத்தை எப்படி வாங்குவது?

வாங்கலாம். ஆனால் கூரியர் ஆபீஸ் வாசலில் நின்று சண்டை போட்டு வாங்க முடியாது. பொருளைத் தேடுகிற வரைக்கும்தான் அவர்களிடம் வேலை. பணம் என்று வந்துவிட்டால் நீங்கள் வாங்கிய தளத்திடமும் அதில் விற்றவரிடமும்தான் பேச வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, கூரியர்காரர் "நாளைக்கு வாங்க" என்று சொல்வதை நம்பி அலைந்து, புகார் கொடுக்கும் கெடுவைத் தவறவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், தங்கச்சிமடத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடற்கரைப் பக்கத்துக் குடியிருப்புகளில் தெருப்பெயரும் கதவு எண்ணும் பேருக்குத்தான். அதனால் சுற்றுவட்டாரத்தில் பலர் என் கடையை அடையாளமாகப் போடுகிறார்கள், சிலர் கேட்காமலே முகவரியாகவும் போட்டுவிடுகிறார்கள். கடை மூலையில் எப்போதும் அடுத்தவர் பார்சல் கிடக்கும். எது எங்கே மாட்டியது என்ற கதை எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும்.

முதலில் பொருளைத் தேடுவோம். நம் பக்கத்தில் "காணோம்" என்று சொல்லப்படும் பார்சல்களில் அதிகமானவை யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருப்பவை. டெலிவரி தம்பிக்கு இருட்டுவதற்குள் பையைக் காலி செய்தாக வேண்டும். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டிலோ டீக்கடையிலோ சர்ச் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமோ கொடுத்துவிட்டு, போனில் "டெலிவர்ட்" என்று அமுக்கிவிட்டுப் போய்விடுவார். வாங்கி வைத்தவர் மறந்திருப்பார். சில சமயம் பொருள் இன்னும் வண்டிப் பையிலேயே இருக்கும். அன்றைய கணக்கை முடிக்க முன்கூட்டியே அமுக்கியிருப்பார், மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போலக் கொண்டுவந்து நீட்டுவார். அந்தத் தம்பியின் நம்பர் பெரும்பாலும் உங்கள் போனில் தவறிய அழைப்பாகவே இருக்கும். கோபப்படாமல் "தம்பி, யார்கிட்ட குடுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். திருடினாயா என்று ஆரம்பித்தால் அவர் போனை எடுக்கவே மாட்டார்.

கடல் தொழில் செய்கிற வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் வழக்கமாகப் போகும் நாட்கள் திங்கள், புதன், சனி. ஆர்டர் போட்டவர் அன்றைக்குக் கடலில் இருப்பார். ஓடிபி அவருடைய போனுக்குப் போகும். அது டவர் இல்லாமல் கிடக்கும். வீட்டில் இருக்கும் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. "வாடிக்கையாளர் இல்லை" என்று போட்டுவிட்டு வண்டி திரும்பிவிடும். இப்படிச் சில தடவை நடந்தால் பார்சல் விற்றவருக்கே போய்விடும், நீங்கள் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் இருப்பவர் நம்பரை முகவரியில் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பதால் இந்தப் புகார் என் கடைக்கு வருவது குறைவு.

ஊர்ப்பெயரையும் ஒரு தடவை பாருங்கள். ஏர்வாடி நம் மாவட்டத்திலும் இருக்கிறது, திருநெல்வேலி மாவட்டத்திலும் இருக்கிறது. ராமநாதபுரம் என்று கோயம்புத்தூருக்குள்ளேயே ஒரு பகுதி உண்டு, அதன் பின்கோடு 641045. நம் கடற்கரை முழுக்க 623 என்று ஆரம்பிக்கும்: ராமநாதபுரம் 623501, கீழக்கரை 623517, ராமேஸ்வரம் 623526, தங்கச்சிமடம் 623529. பின்கோடு 627 என்றோ 641 என்றோ போயிருந்தால், "டெலிவர்ட்" என்பது உண்மையாகவே இருக்கலாம், வேறு ஊரில்.

மழைக்காலத்தில் இன்னும் நகராமல் நிற்கிற பார்சலுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ராமேஸ்வரம் தீவுக்கு வர இருக்கும் சாலை ஒன்றே ஒன்று, 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் வண்டி வராததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் பார்சல் அப்படி இல்லை. டெலிவரி ஆனதாகவே பதிவாகிவிட்டது. அதனால் தேடிக்கொண்டே இருக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் இன்று ஒரு சுற்றுக் கேட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் இன்றைக்கே புகார் போடுங்கள். "டெலிவரி ஆனது, கைக்கு வரவில்லை" என்ற புகாருக்குத் தளங்கள் தரும் கெடு சில நாட்கள்தான், தளத்துக்குத் தளம் மாறும்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். கஸ்டமர் கேரில் இனிமையாகப் பேசுவார்கள், "எஸ்கலேட் பண்ணியிருக்கோம் சார்" என்பார்கள், அடுத்த தடவை வேறொருவர் எடுத்து முதலிலிருந்து கேட்பார். பேசினாலும் கையோடு சேட்டிலோ மின்னஞ்சலிலோ அதையே எழுதிப் புகார் எண் வாங்கிவிடுங்கள். டெலிவரி ஆனதாகக் காட்டும் பக்கம், பில், பணம் போன விவரம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அந்தப் பக்கம் மாறிவிடும். கேட்க வேண்டியது ஒன்றே: டெலிவரி செய்ததற்கு என்ன ஆதாரம்? யார் வாங்கினார், கையெழுத்தா, போட்டோவா, ஓடிபியா, எத்தனை மணிக்கு, வண்டி நின்ற இடம் எது? ஒரு தடவை எங்கள் பக்கத்து வீட்டுப் பார்சலுக்கு அவர்கள் அனுப்பிய போட்டோவில் இருந்த கதவு யாருடையது என்று தெருவில் யாருக்குமே தெரியவில்லை. அந்தப் போட்டோவே போதுமாக இருந்தது, பணம் வந்துவிட்டது.

ஓடிபி கொடுத்து வாங்கியதாகச் சொன்னால் மட்டும் விஷயம் கஷ்டம். "ஓடிபி சொல்லுங்கண்ணே, நான் வந்துட்டே இருக்கேன்" என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வது இங்கே சாதாரணமாகிவிட்டது. பெட்டி கையில் இல்லாமல் சொல்லாதீர்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேர் ஆள் வேறு, இந்த அதிகாரி வேறு. தளத்தின் அடிப்பகுதியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடி எடுத்து அவருக்கே எழுதுங்கள். சொன்ன தேதிக்குள் வராத பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. புயல், வெள்ளம் போன்ற காரணத்துக்கு மட்டும் விலக்கு. "நாங்கள் கூரியரிடம் கொடுத்துவிட்டோம், அவர்களைக் கேளுங்கள்" என்று உங்களைத் தள்ளிவிட்டால், நான் பணம் கட்டியது உங்களிடம், கூரியரைப் பிடித்ததும் நீங்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். பணத்தை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் "பொருள் வரவில்லை" என்று டிஸ்ப்யூட் போடலாம், அதற்கும் கெடு உண்டு.

அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் இருக்கிறது. நீதிமன்றம் போலத் தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு அதிகாரம் இல்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனால் பெரிய தளங்கள் இங்கிருந்து புகார் போனால் வேகமாக அசைகின்றன. அதையும் தாண்டினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் ராமநாதபுரத்துக்குத்தான் அவர்கள் வர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். என் கருத்து: 400 ரூபாய் சட்டைக்கு இதெல்லாம் வேண்டாம், 1915 வரை போய்விட்டு விட்டுவிடுங்கள். செல்போனுக்கு விடாதீர்கள்.

தபாலில் வந்த பார்சல் என்றால் நிலைமை கொஞ்சம் நல்லது, ஏனென்றால் போஸ்ட்மேன் அண்ணனுக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். முதலில் உங்கள் அஞ்சலகத்தில் போய்க் கேளுங்கள், ஆள் இல்லாத பார்சல் அங்கேயே கிடக்கலாம். இல்லையென்றால் 1800 266 6868க்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள், பிறகு ராமநாதபுரம் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். நஷ்ட ஈட்டில் மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டிய கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அதுதான். விலையுள்ள பொருளை அனுப்பும்போது இன்சூர் செய்துவிடுங்கள்.

இங்கிருந்து கருவாடு அனுப்புகிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். தனியார் கூரியர் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், தொலைந்தால் இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு தொகை இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு அது செல்லுபடியாகும் என்று 1996இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீங்கள் வாங்கியவர், அந்த ரசீதில் உங்கள் கையெழுத்து இல்லை. தளத்தையே பிடியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, இது முக்கியம். கூரியர் கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடாதீர்கள். தேடினால் மோசடிக்காரர் போட்ட நம்பர் முதலில் வரலாம். "5 ரூபாய் கட்டுங்க, உடனே அனுப்புறோம்" என்று லிங்க் வரும், அல்லது ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள், அது உங்கள் போன் திரையை அவர்களுக்குக் காட்டும் ஆப். அதேபோல "முகவரி சரியில்லை, 48 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள்" என்று தபால் துறை பெயரில் வரும் எஸ்எம்எஸ். அது பொய் என்று மத்திய அரசின் பிஐபி உண்மை கண்டறியும் பிரிவே அறிவித்திருக்கிறது. பார்சலுக்காகக் காத்திருப்பவர் எதையும் அமுக்கிவிடுவார். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். கூரியர் நம்பர் வேண்டுமென்றால் நீங்கள் ஆர்டர் போட்ட ஆப்புக்குள் போய் எடுங்கள்.

கடைசியாக உங்கள் செல்போனுக்கு. பில்லில் ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண், பெரும்பாலும் அச்சாகியிருக்கும், அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். அந்தப் போனில் யாராவது சிம் போட்டால் போலீஸால் கண்டுபிடிக்க முடியும் என்பது நிறுவனத்துக்கும் தெரியும். சில தளங்கள் போலீஸ் புகாரைக் கேட்கும், அப்போது உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்கிக்கொள்ளுங்கள். ரீஃபண்ட் வந்த பிறகு "அண்ணே, உங்க பார்சல் எங்க வீட்டுப் பரண்ல கெடந்துச்சு" என்று யாராவது கொண்டுவந்தால், பிரிக்காமல் வைத்துத் தளத்துக்கு எழுதுங்கள், அவர்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். வைத்துக்கொண்டால் அடுத்த தடவை உண்மையாகத் தொலைந்தாலும் உங்கள் கணக்கை நம்ப மாட்டார்கள்.