இன்டெக்ஸ் போட்டும் வினவல் வேகமெடுக்காதது ஏன்?

கேள்வி: எங்கள் இணையச் செயலியின் ஆர்டர் அட்டவணை 20 லட்சம் வரிசைகளைத் தாண்டியதிலிருந்து, ஒரு வாடிக்கையாளரின் அண்மை 20 ஆர்டர்களைக் காட்டும் பக்கம் திறக்கப் பல வினாடிகள் ஆகின்றன. ஒரு குறிப்பிட்ட நாளின் ஆர்டர்களைத் தேடினாலும் இதே தாமதம்தான். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். ஆர்டர் நேரத்துக்கு இன்டெக்ஸ் (புத்தகத்தின் சொல்லடைவு போல, தேடலை விரைவாக்கும் பட்டியல்) போட்டும் பயனில்லை. பெரிய சர்வருக்கு மாறிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 20 லட்சம் வரிசைகள் போஸ்ட்கிரெஸுக்குப் பெரிய சுமையே அல்ல. அந்த வினவலுக்கு (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளைக்கு) முன்னால் ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ என்ற கட்டளையைச் சேர்த்து இயக்குங்கள். தரவுத்தளம் எந்த வழியில் தேடியது, எத்தனை வரிசைகளைப் படித்தது, எத்தனையைக் கழித்தது, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். (இக்கட்டளை வினவலை உண்மையாகவே இயக்கும் என்பதால், தரவை மாற்றும் அல்லது அழிக்கும் வினவல்களோடு இதைச் சேர்க்கும்போது மிகுந்த கவனம் தேவை.) அதில் ‘சீக்வென்ஷியல் ஸ்கேன்’ என்றும், அதன் கீழே லட்சக்கணக்கில் கழிக்கப்பட்ட வரிசைகள் என்றும் இருந்தால், 20 வரிசைகளுக்காக முழு அட்டவணையும் படிக்கப்படுகிறது என்று பொருள்.

நாள்வாரித் தேடலில், ஆர்டர் நேரத்திலிருந்து தேதியை மட்டும் பிரித்தெடுக்கும் ஒரு ஃபங்ஷனை நீங்கள் பயன்படுத்தியிருக்கக்கூடும். இன்டெக்ஸில் இருப்பது நேரத்தின் மூல மதிப்பு. அதன் மேல் ஃபங்ஷனைப் போர்த்திவிட்டால் அந்த இன்டெக்ஸ் உதவாது. அந்நாள் தொடங்கும் நேரம் முதல், மறுநாள் தொடங்குவதற்கு முன்பு வரை என்று இரு எல்லைகளாக நிபந்தனையை மாற்றி எழுதினால், ஏற்கெனவே உள்ள இன்டெக்ஸே வேலை செய்யத் தொடங்கும்.

வாடிக்கையாளர் பக்கத்தின் சிக்கல் வேறு. ஃபாரின் கீ (ஓர் அட்டவணையின் நெடுவரிசையை மற்றோர் அட்டவணையோடு இணைக்கும் விதி) அறிவித்தாலே அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸும் உருவாகிவிடும் என்று, மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தின் சேமிப்புப் பொறியான இன்னோடிபியில் பழகியவர்கள் நம்பிவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்வதில்லை. வாடிக்கையாளர் எண், ஆர்டர் நேரம் என்ற இரண்டையும் இதே வரிசையில் கொண்ட ஒரே கூட்டு இன்டெக்ஸைப் போடுங்கள். அப்போது ஒருவருடைய ஆர்டர்கள் அனைத்தும் அடுத்தடுத்து, நேர ஒழுங்கிலேயே அமைந்திருப்பதால், கடைசி 20 ஆர்டர்களைத் தனியாக வரிசைப்படுத்தாமலேயே எடுத்துவிட முடியும். நேரத்தை முன்னால் வைத்தால் இந்தப் பயன் கிட்டாது. செயலி இயங்கிக்கொண்டிருக்கும்போதே போடுவதானால் ‘கன்கரன்ட்லி’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; இல்லையெனில் இன்டெக்ஸ் உருவாகி முடியும்வரை புதிய ஆர்டர்கள் அட்டவணையில் பதிவாகாமல் காத்து நிற்கும். அகப்படும் நெடுவரிசைக்கெல்லாம் இன்டெக்ஸ் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடானது அன்று. ஒவ்வொன்றும் வட்டில் இடம் பிடிப்பதோடு, ஒவ்வொரு பதிவையும் சற்றே தாமதப்படுத்துகிறது.

பக்கம் ஒருமுறை திறக்கும்போது எத்தனை வினவல்கள் போகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். 20 ஆர்டர்களை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் பொருள் விவரத்துக்கும் நிரல் தனித்தனியே தரவுத்தளத்தைக் கேட்டால் மொத்தம் 21 வினவல்கள் ஆகும். ஓஆர்எம் (நிரலுக்காக வினவல்களைத் தானே எழுதித்தரும் மென்பொருள் நூலகம்) பயன்படுத்தும் செயலிகளில் இது கண்ணில் படாமலே நிகழும். அந்த 20 ஆர்டர் எண்களையும் சேர்த்து ஒரே வினவலாகக் கேட்கலாம். இவற்றைச் செய்த பிறகும் தாமதம் நீடித்தால், எக்ஸ்பிளெயின் அனலைஸ் தந்த முழு விவரத்தையும் எழுதி அனுப்புங்கள்.