கட்டட வேலை எதுவும் தெரியாமல் இமயமலையில் பள்ளி சீரமைப்புக்குத் தன்னார்வலராகப் போகலாமா?

போகலாம். 'வேலை தெரியாதே' என்று பயப்படுகிறீர்கள் பாருங்கள், அந்தப் பயத்தோடேயே போங்கள். எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் போய் அசடு வழிந்தவள் நான்.

அப்பா கொத்தனார், ராசிபுரம் பக்கம். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாந்துச் சட்டி தூக்கிக் கொடுத்து, சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கும் தூக்குக்குண்டைப் பிடித்து வளர்ந்தேன். இப்போது ஈரோட்டில் கணக்கு எழுதும் வேலை. மூன்று வருடம் முன்பு ஜூலையில், இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் காசாவுக்கு மேலே ஒரு சிற்றூர்ப் பள்ளியின் சுவரையும் கூரையையும் புதுப்பிக்க ஆள் கேட்டார்கள். ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரம். அப்பாவின் பித்தளைத் தூக்குக்குண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வழியிலேயே முதல் தப்பு. மணாலியிலிருந்து குன்சும் கணவாய் ஏறி ஒரே நாளில் காசா, மறுநாளே மேலே அந்தச் சிற்றூர். கணவாயே 4,500 மீட்டருக்கு மேல். இரண்டு நாள் தலையைத் தூக்க முடியவில்லை, தண்ணீர் குடித்தாலும் வாந்தி. வேலை செய்யப் போனவளுக்குத் தங்கிய வீட்டு அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படி ஆனால் படுத்துக் கிடக்கக் கூடாது, உடனே கீழே இறங்கிவிட வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நீங்கள் சிம்லா, கின்னோர் வழியாகப் போங்கள். ரெக்காங் பியோ, நாகோ, தாபோ என்று தங்கித் தங்கி ஏறினால் உடம்பு பழகும். தாபோவில் 996இல் எழுப்பிய மண் மடாலம் இன்னும் நிற்கிறது. மண் கட்டடம் என்றால் இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் எழுந்து போனேன். பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தது. பள்ளியின் ஒரு பக்கச் சுவர் சுடாத மண்கல்லில் இடுப்பளவு ஏறியிருந்தது. பார்த்ததுமே கண்ணுக்கு உறுத்தியது. வெளிப்பக்கம் மேலே கட்டையை வைத்து நூலை விட்டேன். குண்டு தொங்கவே இல்லை, சுவர்மேல் சாய்ந்து படுத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், சுவர் கோணல் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். கூட வந்தவர்கள் முன்னால் சத்தமாகவே சொன்னேன், அதுதான் கொடுமை.

அறுபது வயதுக்காரர். சிரித்துவிட்டு, குண்டை என் கையிலிருந்து வாங்கி உள்பக்கம் விட்டுக் காட்டினார். நூல் பிடித்தாற்போல நேர். உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் மட்டும் மேலே போகப்போக உள்ளே ஒதுங்கும். அடி தடிமன், தலை மெலிசு. மேலே கனம் குறைந்தால்தான் நிலம் ஆடும்போது தாங்கும். 1975 ஜனவரியில் பக்கத்துக் கின்னோரில் 6.8 அளவில் நிலநடுக்கம் வந்த பூமி அது.

காசாவுக்கு இறங்கியபோது அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஏன் கண்ணு, நம்மூர் ஏரிக்கரைக் கல்லுக்கட்டு நேராவா நிக்குது?" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு மண் சுமந்தேன். கூரைக்குப் பாப்ளர் மர உத்தரம், மேலே வில்லோ குச்சிகள், அதன்மேல் மண். கடல்மட்டத்தில் கிடைக்கிற காற்றில் பத்தில் ஆறு பங்குதான் அங்கே; ஏணியில் நாலு படிக்கு ஒருமுறை நின்றேன். ஜார்க்கண்டிலிருந்து கூலிக்கு வந்திருந்த ஒரு பையன் கீழேயிருந்து "அக்கா, மெதுவா, மெதுவா" என்று தமிழில் சொன்னான். தூக்கிவாரிப் போட்டது. கோயம்புத்தூரில் இரண்டு வருடம் கட்டட வேலை பார்த்தவனாம்.

கூலிக்காரர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களே என்று இங்கே யாராவது வருவார்கள். தன்னார்வலர்கள் எங்களிடம் வாங்கிய பணத்தில்தான் மேஸ்திரிக்கும் அந்தப் பையனுக்கும் கூலி கொடுத்தார்கள். நாங்கள் சுமை தூக்கினோம், மண் சலித்தோம், கதவுக்குச் சாயம் அடித்தோம். கட்டியது அவர்கள். போகுமுன் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள்.

அடுத்த கேள்வியும் தெரியும். "உங்க ஊரில் பள்ளிக்கூடமே இல்லையா?" இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றின் சுற்றுச்சுவரை என் அப்பாதான் கட்டினார். கடைசி மூன்று வாரக் கூலியைக் கான்ட்ராக்டர் இன்னும் தரவில்லை, பதினெட்டு வருடம் ஆகிறது. திறப்பு விழாவுக்கு அவரைக் கூப்பிடவும் இல்லை. கேட் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வந்தார். அந்தச் சுவர் இன்றும் ஒரு விரிசல் விடவில்லை, வேண்டுமானால் வந்து குண்டு பிடித்துப் பாருங்கள். நான் எங்கே போய் மண் சுமக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலை ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அப்புறம் ஈர மண் ராத்திரியில் உறைந்துபோகும். கையுறை இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஜோடி மூன்றே நாளில் கிழிந்துவிடும். ஒரு வார விடுப்பில் மட்டும் போகாதீர்கள். உடம்பு பழகவே நாலைந்து நாள் போய்விடும், மிச்ச நாளில் நீங்கள்தான் அவர்களுக்கு வேலை வைப்பீர்கள்.