லேபிள் ஒப்பந்தத்தில் மகள் கையெழுத்துப் போடலாமா?

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் எழுதிப் பாடிய பாட்டைக் கேட்டு ஓர் இசை லேபிள், அதாவது பாட்டைப் பதிவுசெய்து வெளியிடும் நிறுவனம், ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அவள் இன்றே கையெழுத்துப் போடத் துடிக்கிறாள். படிப்பு முடியும்வரை இந்தப் பேச்சே கூடாது என்கிறார் அவள் அப்பா. இருவருக்கும் நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள். 19 வயதில் இப்படியொரு வாய்ப்பு வருவது சின்ன விஷயமில்லை. முதலில் அதற்காக அவளை மனதாரப் பாராட்டிவிடுங்கள். அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து அந்த ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்.

"மாதச் சம்பளம் மாதிரி ஏதாவது வருமா?" என்று கேட்டிருந்தீர்கள். வராது. லேபிள் அவளுக்கு வேலை கொடுக்கப்போவதில்லை. அவள் பாட்டில் பணம் போட்டு, பதிலுக்குப் பாட்டின் மேல் உரிமை வாங்கப்போகிறது. அதனால் வேலை உத்தரவில் சம்பளத்தைத் தேடுவதுபோல, இதில் அட்வான்ஸ் தொகையை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

அந்த அட்வான்ஸ் அவளுடைய ராயல்டியிலிருந்தே, அதாவது பாட்டு சம்பாதிப்பதில் அவளுக்கு வரும் பங்கிலிருந்தே, கழிக்கப்படும் முன்பணம். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். அட்வான்ஸ், ஒலிப்பதிவு, வீடியோ எல்லாம் சேர்த்து 100 பங்கு செலவு என்று வையுங்கள். அவளுடைய ராயல்டி 20 சதவீதம். பாட்டு 100 பங்கு சம்பாதித்தால் செலவு அடைந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? இல்லை. கடன் கழிவது அவளுடைய 20 பங்கிலிருந்து மட்டும்தான். ஆக, மொத்த வருமானம் 500 பங்கைத் தொட்ட பிறகுதான் அவள் கணக்கு பூஜ்யத்துக்கு வரும். அதற்குள் லேபிள் போட்ட 100 போக 400 பங்கு அதன் கையில் இருக்கும். அவளுக்கு முதல் ராயல்டி அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கும். முதல் ஆல்பத்தில் அடையாத பாக்கியை இரண்டாவது ஆல்பத்தின் வருமானத்திலும் பிடித்துக்கொள்ளும் பிரிவு பல ஒப்பந்தங்களில் உண்டு. உங்கள் கையில் இருப்பதிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று பெண்கள் பாடிய அமெரிக்காவின் டிஎல்சி இசைக்குழு 1995-இல் திவால் மனு போட்டது. அவர்களுடைய ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. பாட்டு ஓடாமல் போனதால் வந்த கஷ்டமே இல்லை. செலவும் பிடித்தமும் மேலாளர் பங்கும் போக, மூன்று பெண்கள் கைக்கு வந்தது அவ்வளவு குறைவு.

லேபிள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. பாட்டு ஓடாவிட்டால் அட்வான்ஸை வீட்டிலிருந்து எடுத்துத் திருப்பித் தரச் சொல்வது வழக்கமில்லை, நஷ்டம் அவர்களோடு போகும். போடுகிற பணத்தில் பெரும்பகுதி திரும்பாது என்று தெரிந்துதான் இந்தத் தொழிலே நடக்கிறது. ஆனால் இப்போது பாட்டைத் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் சேவை மூலம் யார் வேண்டுமானாலும் ஸ்ட்ரீமிங் தளங்களில் பாட்டை ஏற்றலாம். உரிமை கையை விட்டுப் போகாது. ஆகவே, "எங்களால்தான் உன் பாட்டு வெளியே வரும்" என்பது மட்டும் இன்றைக்குக் காரணமாகாது. விளம்பரத்துக்கு எவ்வளவு, எதற்கெல்லாம் செலவு செய்வார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரிகளும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு இன்னொன்று, அதைத்தான் மாஸ்டர் என்பார்கள். லேபிள் பொதுவாகக் கேட்பது மாஸ்டரை. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பதின்ம வயதில் போட்ட ஒப்பந்தப்படி, அவருடைய முதல் 6 ஆல்பங்களின் மாஸ்டர் லேபிளிடம் இருந்தது. 2019-இல் அந்த லேபிளே வேறொருவருக்கு விற்கப்பட்டபோது மாஸ்டர்களும் சேர்ந்தே போயின. எழுதிய உரிமை அவரிடம் இருந்ததாலும், அதே பாட்டுகளைத் திரும்பப் பாடிப் பதிவுசெய்யக் கூடாது என்ற தடைக்காலம் முடிந்துவிட்டதாலும் 2021-லிருந்து 4 ஆல்பங்களை மறுபடி பதிவுசெய்தார். 2025-இல் பழைய மாஸ்டர்களையும் விலைகொடுத்து வாங்கினார். உலகில் எத்தனை பேரால் அப்படி வாங்க முடியும்? அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் போன்ற மேதையே தன் லேபிளான வார்னரோடு மோதி, 1993-இல் தன் பெயரை ஒரு குறியீடாக மாற்றிக்கொண்டு, கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறினார். மாஸ்டர் விஷயத்தில் அவருக்கு உடன்பாடு கிடைத்தது 2014-இல்.

அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் 1959-இல் புது லேபிளுக்கு மாறும்போதே மாஸ்டர் உரிமையைக் கேட்டு வாங்கினார். அவருக்கு அப்போதே பெயர் இருந்தது, பேரம் பேச முடிந்தது. உங்கள் மகளால் அந்த அளவு பேச முடியாது, ஆனாலும் இத்தனை ஆண்டுக்குப் பிறகு மாஸ்டர் தன்னிடம் திரும்ப வேண்டும் என்று கேட்கலாம். காலமெல்லாம் லேபிளுக்கே என்று இருந்தால், என் கருத்தில் தொகை எவ்வளவாக இருந்தாலும் முதல் ஒப்பந்தமாக அதை ஏற்க வேண்டாம். எழுதிய உரிமையையும் சேர்த்துக் கேட்டால் இன்னும் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

"ஒரே ஒரு ஆல்பம்தான்" என்று மகள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கீழே 'கூடுதலாக 4 ஆல்பங்களுக்கு லேபிளின் விருப்பத்தின் பேரில்' என்று இருக்கிறதா? இருந்தால் தொடரலாமா வேண்டாமா என்ற முடிவு முழுக்க லேபிளுடையது. அவள் விலக நினைத்தாலும் முடியாது. மேடைக் கச்சேரி, விளம்பரம், டிஷர்ட் விற்பனை எல்லாவற்றிலும் பங்கு கேட்கும் பிரிவு வேறு வரக்கூடும். லேபிள் அதற்கெல்லாம் ஏதாவது உழைக்கிறதா என்று பார்த்துப் பேசுங்கள். கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் உரிமையும் இருக்கட்டும்.

படிப்பைப் பற்றி அவள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: படிப்பா பாட்டா என்று தேர்ந்தெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. பாட்டு தரவேண்டிய தேதிகளைக் கல்லூரித் தேர்வுகளை ஒட்டித் தள்ளிவைக்கக் கேட்கலாம், ஒத்துக்கொள்ள வாய்ப்புண்டு. வணிகவியல் படிக்கிற பெண்ணுக்கு இந்தத் துறையில் பாட்டு தவிரவும் இடம் இருக்கிறது. ராயல்டி கணக்கு, இசைப் பதிப்புரிமை நிர்வாகம், படத்துக்கும் விளம்பரத்துக்கும் பாட்டு உரிமம் வழங்கும் வேலை, பின்னால் சட்டம் படித்தால் ஒப்பந்த வழக்கறிஞர். தன் ராயல்டி அறிக்கையைத் தானே படிக்கத் தெரிந்த பாடகியிடம் கணக்கில் விளையாடுவது சுலபமில்லை.

லேபிளுக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: "மகிழ்ச்சி, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு இரண்டு வாரத்தில் பதில் தருகிறேன்." நல்ல லேபிள் இதற்குக் கோபப்படாது. நாளைக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்தினால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல். வழக்கறிஞர் இசை ஒப்பந்தம் பார்த்துப் பழகியவராக இருக்கட்டும், லேபிளே சிபாரிசு செய்தவராக இருக்க வேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பாட்டின் மெட்டில் கிட்டார் வாசிக்கும் தோழிக்கும் பங்கு உண்டு என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். லேபிளுக்குப் பதில் போகும் முன் இருவரும் உட்கார்ந்து, வரிகளில் யாருக்கு எத்தனை சதவீதம், மெட்டில் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும்.