ஒரு ஓவர்லேயில் வைத்த பெயர் அடுத்த ஓவர்லேக்கு ஏன் தெரிவதில்லை?

கேள்வி: அக்கரைப்பற்றுப் பக்கம் எங்கள் வட்டையில் இரண்டு நீர்ப்பம்பிகளை ரஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியை வைத்து இயக்கப் பார்க்கிறேன். கூடுதல் பின்கள் (மின் இணைப்புக் கால்கள்) தரும் எம்சிபி23017 சிப்பை ஒரு ஓவர்லேயில் (வன்பொருள் விவரம் உள்ள டிவைஸ் ட்ரீயோடு கூடுதலாக ஏற்றும் சிறு கோப்பில்) சேர்த்து, 'வயல்பின்' என்று (கோப்பில் ஆங்கில எழுத்தில்) லேபிள் வைத்தேன். ரிலேக்களை இன்னொரு ஓவர்லேயில் எழுதி &வயல்பின் என்று கூப்பிட்டேன். இரண்டுமே பிழையில்லாமல் கம்பைல் ஆகின்றன. முதலாவது ஏறுகிறது, இரண்டாவது ஏற மாட்டேன் என்கிறது.

பதில்: கம்பைல் ஆனதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள் தம்பி. கோப்பின் தலையில் 'பிளகின்' என்று எழுதிவிட்டால், தெரியாத லேபிளைப் பார்த்தாலும் டிடிசி (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) வாய் திறக்காது. அந்த இடத்தில் எட்டு 'எஃப்' கொண்ட பதினறும எண் ஒன்றைப் போட்டுவிட்டு, 'ஃபிக்ஸப்ஸ்' என்ற நோட்டில் (டிவைஸ் ட்ரீயின் ஒரு கிளையில்) குறித்து வைக்கும். கம்பைல் ஆன கோப்பை டிடிசியாலேயே திருப்பிப் பிரித்துப் பாருங்கள். 'வயல்பின்' என்பதற்கு எதிரே எந்த நோட், எந்தப் பண்பு, எத்தனையாவது பைட் என்று விலாசம் எழுதியிருக்கும்.

அந்த இடத்தை நிரப்புவது ஏற்றும் நேரத்தில்தான். அப்போது பெயரைத் தேடுவது அடிப்படை டிவைஸ் ட்ரீயின் 'சிம்பல்ஸ்' நோட்டில். (இந்த நோட் பெயர்களுக்கெல்லாம் முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு உண்டு.) உங்கள் 'வயல்பின்' அங்கே போய்ச் சேரவேயில்லை. ரஸ்பெரி பையின் ஃபேர்ம்வெயார் (பூட் ஆகும்போது ஓவர்லேக்களை ஏற்றும் உள்மென்பொருள்), ஓவர்லேக்குள் வைத்த லேபிளை அந்த ஓவர்லேக்கு மட்டுமே உரியதாக வைத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வீடு ஒரு 'சின்னவன்' இருப்பான், பள்ளிக்கூட இடாப்பில் அந்தப் பெயர் செல்லாது, அதுபோல. வேண்டுமென்றே செய்த ஏற்பாடுதான் இது. ஒரே ஓவர்லேயை இருமுறை ஏற்றினாலும் லேபிள்கள் ஒன்றோடொன்று மோதாது.

உங்கள் தேவைக்கு நான் சொல்வது, இரண்டையும் ஒரே ஓவர்லேயில் இரண்டு ஃபிராக்மென்ட்டாக (துண்டாக) எழுதிவிடுங்கள். ஒரே கோப்புக்குள் லேபிள் தாராளமாக வேலை செய்யும். இரண்டு பம்பிக்கு இரண்டு ஓவர்லே வீண் அலைச்சல்.

பிறகு உப்புத்தன்மை சென்சர், மதகு என்று அதே சிப்பைப் பல ஓவர்லேக்கள் பங்குபோடும் என்றால் கதை வேறு. முதல் ஓவர்லேயின் வேரில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு நோட் திறந்து, அதற்குள் 'வயல்பின்' என்று பெயரை மட்டும் எழுதி அரைப்புள்ளி போடுங்கள். மதிப்பு எதுவும் வேண்டாம். 2020 பெப்ரவரி 14க்குப் பின் வந்த ஃபேர்ம்வெயார் இதைப் புரிந்துகொள்ளும். பெயரைச் சேர்ப்பதோடு பாதையையும் அதுவே திருத்தும்: ஓவர்லேக்குள் ஃபிராக்மென்ட்டில் தொடங்கும் பாதை, ஐ2சி பஸ்ஸுக்கு (சிப்பைக் கணினியோடு இணைக்கும் தடத்துக்கு) கீழே சிப் உண்மையில் உட்காரும் பாதையாக மாறும். கான்ஃபிக் கோப்பில் முதல் ஓவர்லேயின் வரி மேலே இருக்க வேண்டும். வரிசை மாறினால் பழைய தொல்லைதான்.

இணையத்தில் பீகிள்போன் என்ற இன்னொரு சிறு கணினிக்கு எழுதிய உதாரணங்களில் 'எக்ஸ்போர்ட்ஸ்' இருக்காது, அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அங்கே யூ-பூட் என்ற பூட்லோடர் ஓவர்லேயை ஏற்றும்போது, டிடிசிக்கு -@ (லேபிள்களையும் கோப்பில் எழுதிவை என்ற குறி) போட்டுக் கம்பைல் செய்த ஓவர்லேயின் எல்லா லேபிள்களையும் அடிப்படை மரத்தில் சேர்த்துவிடும். வசதிதான். ஆனால் பெயர் மோதாமல் பார்ப்பது உங்கள் தலையில் விழும். கேர்னலை நீங்களே கட்டினால் அடிப்படை மரத்துக்கும் -@ வேண்டும். மறந்தால் எந்த லேபிளும் கிடைக்காது.

சரி, சேர்ந்ததா என்று பார்ப்பது சுலபம். ப்ராக் கோப்பகத்தில் டிவைஸ்-ட்ரீக்குள் 'சிம்பல்ஸ்' கோப்புறையைத் திறந்து, 'வயல்பின்' கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கான்ஃபிக் கோப்பில் 'டிடிடீபக்' மதிப்பை 1 ஆக்கி மீண்டும் பூட் செய்து, 'வீசிலாக்' கட்டளையில் ஃபேர்ம்வெயார் பதிவை வாசியுங்கள்.

இதெல்லாம் சரிவந்த பிறகும் ரிலே தலைகீழாக நடக்கலாம். சந்தையில் கிடைக்கும் பல ரிலே பலகைகள், சிப்பின் பின்னில் மின்னழுத்தம் தாழ்ந்தால்தான் இயங்கும். அப்படியானால் பின் எண்ணுக்கு அடுத்த கொடியை 1 என்று எழுதுங்கள், பம்பி வயரைப் பிறகு கொழுவலாம்.