20 வெற்றி, 21 தோல்வி: செல்டிக்ஸ் பற்றி உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஜனவரி 11, 2022

அமெரிக்காவின் NBA கூடைப்பந்து சீசனில் 82 ஆட்டங்களில் 41 முடிந்துவிட்டன. நேற்று இந்தியானாவை ஓவர்டைமில் (சமனானால் தரும் கூடுதல் நேரத்தில்) 101-98 என்று வென்றதோடு பாஸ்டன் செல்டிக்ஸ் சரியாகப் பாதி வழிக்கு வந்திருக்கிறது. வெற்றி 20, தோல்வி 21. கிழக்குப் பிரிவில் பத்தாம் இடத்தை ஒட்டித் தள்ளாடுகிறோம். 2008-இல் கார்னெட், பியர்ஸ், ரே ஆலன் காலத்தில் இந்த அணியைப் பார்க்கத் தொடங்கியவன் நான். இந்த சீசனில் ஓரிரண்டு ஆட்டம் தவிர எல்லாவற்றையும் முழுதாகப் பார்த்துவிட்டேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இது நல்ல அணியா, சாதாரண அணியா?

நல்ல அணி. ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை ஆடத் தெரியாத நல்ல அணி.

இந்த வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பர்ஸிடம் 99-97, இரண்டு புள்ளியில் தோல்வி. மறுநாளே நிக்ஸிடம் 108-105, மூன்று புள்ளியில் தோல்வி. இரண்டு நாள் கழித்து அதே நிக்ஸை நம் ஊரில் 99-75 என்று அடித்தோம். தோற்றால் மயிரிழையில் தோற்கிறோம், ஜெயித்தால் நன்றாகவே ஜெயிக்கிறோம். போட்ட புள்ளிகளையும் விட்ட புள்ளிகளையும் கூட்டிக் கழித்தால், தோல்விகள் அதிகமுள்ள இந்த அணி சற்று லாபத்தில்தான் நிற்கிறது. மோசமான அணிக்கு அந்தக் கணக்கு அப்படி வராது.

25 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு நிக்ஸிடம் தோற்றதை எப்படிச் சார் ஜீரணிப்பது? அன்றைக்கு முழுக்க வேலையே ஓடவில்லை.

எனக்கும்தான். 1.5 விநாடி இருக்கும்போது நம் நட்சத்திரம் ஜேசன் டேட்டம் ஷாட் போட்டு 105-105 என்று சமன் செய்தார். ஓவர்டைம் என்று நினைத்து மூச்சு விடுவதற்குள் நிக்ஸின் பேரட் ஓரத்திலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. அது அதிர்ஷ்டம், அதை விட்டுவிடலாம். என்னை வருத்தியது அதற்கு முந்தைய இரண்டு கால் பகுதிகள். போன சீசனில் நம்மோடு ஆடிய ஃபோர்னியே 41 புள்ளி போட்டார். அவர் கை சூடாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் அவருக்கு இடம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் அன்று மில்வாக்கியிடம் 19 புள்ளி முன்னிலை, கடைசியில் 117-113 தோல்வி. நவம்பர் 1 அன்று சிகாகோவிடமும் 19 புள்ளி முன்னிலை, நான்காவது கால் பகுதியில் மட்டும் 39-11 என்று சரிந்து 128-114 தோல்வி. மூன்றிலும் கதை ஒன்றுதான். முன்னிலை வரும்வரை பந்து ஐந்து கைகளில் ஓடுகிறது. எதிரணி நெருங்கியதும் ஒரே கையில் நின்றுவிடுகிறது. டேட்டமோ நம் இன்னொரு நட்சத்திரம் ஜெய்லன் பிரவுனோ மேலே பந்தைத் தட்டிக்கொண்டு நிற்க, மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டு நிற்க, 24 விநாடிக் கடிகாரம் தீரும் நேரத்தில் ஒரு கடினமான ஷாட். அது தவறினால் எதிரணி வேகமாக ஓடிவந்து லேஅப் (கூடையருகே எளிய ஷாட்) போடுகிறது. கெட்ட ஆஃபென்ஸ் (தாக்குதல்) நல்ல டிஃபென்ஸையும் (தடுப்பு) கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

அப்படியானால் மார்கஸ் ஸ்மார்ட் அன்று சொன்னது சரிதானே? ஏன் எல்லோரும் அவரைத் திட்டினார்கள்?

தெரியாதவர்களுக்காக: அந்த சிகாகோ தோல்விக்குப் பிறகு ஸ்மார்ட் பத்திரிகையாளர்களிடம், கடைசியில் பந்து டேட்டத்துக்கும் பிரவுனுக்கும்தான் போகும் என்று எல்லா அணிகளுக்கும் தெரியும், அந்த இருவருக்கும் பாஸ் கொடுக்க விருப்பமில்லை, இனி கற்றுக்கொள்வார்கள் என்ற பொருளில் பேசினார்.

சொன்ன விஷயம் சரி. சொன்ன இடம் தவறு. வீட்டுக்குள் பேச வேண்டியதைத் தெருவில் பேசினால் அடுத்த ஆட்டத்தில் ஒவ்வொரு பாஸையும் ஊரே எண்ணும், அப்படித்தான் ஆயிற்று. ஆனாலும் ஸ்மார்ட் மீது எனக்குக் கோபம் வரவில்லை. 2014-இல் வந்தவர், எட்டாவது சீசன், அணியில் தொடர்ந்து நீண்ட காலம் இருப்பவர் அவர்தான். தரையில் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் ஒருவருக்கு அந்த ஆதங்கத்தைச் சொல்ல உரிமை உண்டு.

டேட்டமும் பிரவுனும் சேர்ந்து ஆட முடியாது என்று அமெரிக்காவில் எல்லோரும் சொல்கிறார்களே. பிரவுனைக் கொடுத்து பென் சிம்மன்ஸை வாங்கினால் பாஸ் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

வேண்டாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

முதலில் வயது. டேட்டத்துக்கு 23, பிரவுனுக்கு 25. இந்த இருவரையும் நமக்குக் கொடுத்தது 2013-இல் கார்னெட்டையும் பியர்ஸையும் புரூக்ளினுக்கு அனுப்பிச் செய்த வியாபாரம். அதில் கிடைத்த டிராஃப்ட் உரிமையால் (புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை) 2016-இல் பிரவுன் மூன்றாவதாக வந்தார். 2017-இல் முதல் இடத்தையே ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு இறங்கி டேட்டத்தை எடுத்தோம். இப்படி இரண்டு பேர் ஒரே அணியில் கிடைப்பது இருபது வருடத்துக்கு ஒருமுறை. இந்த இருவரும் இருக்கும்போதே 2018-இலும் 2020-இலும் கிழக்குப் பிரிவு இறுதிவரை போயிருக்கிறோம். அப்போதெல்லாம் யாரும் சேர்ந்து ஆட முடியாது என்று சொல்லவில்லை.

அப்புறம், அளவு. இருவருமே ஆறரை அடிக்குக் குறையாதவர்கள், இரண்டு பக்கமும் ஆடக்கூடியவர்கள். இந்த லீக்கில் எல்லா அணியும் தேடி அலைவது இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களைத்தான். ஜனவரி 2 அன்று ஆர்லாண்டோவுக்கு எதிராகத் தோற்க வேண்டிய ஆட்டத்தை பிரவுன் 50 புள்ளி போட்டு ஓவர்டைமில் மீட்டதை அதற்குள் மறந்துவிடக் கூடாது. ஃபிலடெல்ஃபியாவின் சிம்மன்ஸ் இந்த சீசனில் இதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தூரத்திலிருந்து ஷாட் போடத் தயங்குபவரைச் சேர்த்தால் டேட்டம் உள்ளே புகும் வழியை நாமே அடைத்துக்கொள்வோம்.

பாஸ் கொடுப்பது கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். ஆறடி ஏழு அங்குலத்தில் அந்தக் கால்களும் அந்தக் கையும் கற்று வருவதில்லை. இருவரும் இன்னும் குறைந்தது இரண்டு சீசன் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். அவசரம் எதற்கு?

புது கோச் உடோகா வீரர்களை வெளிப்படையாகக் குறை சொல்கிறார். பிராட் ஸ்டீவன்ஸ் இருந்தபோது இப்படி இல்லையே?

ஸ்டீவன்ஸ் கோச் பதவியிலிருந்து நிர்வாகத்துக்குப் போனது போன ஜூனில். எட்டு வருடம் அவருடைய மென்மையான குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சிதான். நிக்ஸ் தோல்விக்குப் பிறகு, மன உறுதி போதவில்லை என்று உடோகா நேராகவே சொன்னார். எனக்கு அது பிடித்திருக்கிறது. போன சீசன் 36 வெற்றி, 36 தோல்வி. இப்போது 20-21. ஒன்றரை வருடமாகத் தேங்கி நிற்கும் அணியிடம் எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் தலைமை கோச் பாபோவிச்சிடம் ஏழு வருடம் உதவி கோச்சாக இருந்தவர். அந்தப் பள்ளியில் முதல் பாடம், பந்து கைக்கு வந்த அரை விநாடிக்குள் முடிவெடு: எறி, பாஸ் கொடு, இல்லை உள்ளே புகு. நின்று யோசிக்காதே. அதைத்தான் இங்கே விதைக்கப் பார்க்கிறார். தலைமை கோச்சாக அவருக்கும் இது முதல் 41 ஆட்டங்கள். நேரம் கொடுப்போம். ஆட்டத்தின் நடுவே எதிரணி பத்து புள்ளி தொடர்ந்து போடும்போது டைம்அவுட் எடுக்காமல் விடுகிறாரே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் புதிதாகப் பார்ப்பவள். நம் டிஃபென்ஸ் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். “ஸ்விட்ச்” என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

நல்ல கேள்வி. எதிரணியில் பந்து வைத்திருப்பவருக்கு வழி பண்ணிக்கொடுக்க அவருடைய அணியின் உயரமான ஆள் ஒருவர் வந்து சுவர்போல் நிற்பார். நம் ஆள் அந்தச் சுவரில் மோதிச் சிக்கிக்கொள்வார். அதைத் தவிர்க்க, “நீ என் ஆளைப் பார், நான் உன் ஆளைப் பார்க்கிறேன்” என்று இரண்டு பேர் அந்த நொடியே ஆள் மாற்றிக்கொள்வதுதான் ஸ்விட்ச். குட்டையான ஆள் நெட்டையான ஆளிடம் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இதில் உண்டு. ஆனால் ஸ்மார்ட், பிரவுன், டேட்டம், ஹார்ஃபர்ட் நால்வருமே யாரிடம் மாட்டினாலும் தாங்குபவர்கள். அதனால்தான் டிஃபென்ஸில் முதல் பத்து அணிகளுக்குள் இருக்கிறோம்.

இதில் ராபர்ட் வில்லியம்ஸைத் தனியாகப் பாருங்கள். சில நேரம் அவரை எதிரணியின் சென்டரிடம் (கூடையருகே ஆடும் நெட்டை ஆள்) விடாமல், ஓரத்தில் நிற்கும் சுமாரான ஷூட்டரிடம் நிறுத்துகிறார்கள். அந்த ஆளை அவர் பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டு, கூடைக்குப் பக்கத்தில் யார் எகிறினாலும் எங்கிருந்தோ பறந்து வந்து தட்டிவிடுகிறார். இதையே வழக்கமாக்கினால் இந்த அணியின் மேல் கூடை போடுவது பெரும்பாடாகிவிடும். அவர் பாஸும் கொடுப்பார். டிசம்பர் 31 அன்று ஃபீனிக்ஸுக்கு எதிராக 10 புள்ளி, 11 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைக் கைப்பற்றுவது), 10 அசிஸ்ட் (கூடையாக மாறும் பாஸ்), அவருடைய முதல் டிரிபிள் டபுள் (மூன்று கணக்கிலும் பத்து அல்லது அதற்கு மேல்). ஒரு சென்டர் பத்து அசிஸ்ட் கொடுக்கிறார் என்றால், கடைசி ஐந்து நிமிடத்திலும் பந்தை அவர் வழியாக ஓட்டிப் பார்க்கலாமே?

கிளிப்பர்ஸ் ஆட்டத்தில் மூன்று புள்ளி ஷாட் 42 எறிந்து 4 மட்டும் விழுந்ததே. அதற்கு என்ன சொல்வீர்கள்?

வெட்கக்கேடு. சராசரியாக எறிந்திருந்தால் பதினான்கு விழுந்திருக்கும். ஆனால் அதே ஸ்கோரை மறுபடி பாருங்கள்: 91-82. அவ்வளவு தவறியும் ஒன்பது புள்ளியில்தான் தோற்றோம், ஏனென்றால் எதிரணியை 91-இல் நிறுத்தினோம். டேட்டம் அன்று ஆடவும் இல்லை. அந்த ஆட்டத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த 91-ஐத்தான்.

எல்லாவற்றுக்கும் கொரோனாவைக் காரணம் சொல்வது சரியா? எல்லா அணிக்கும்தானே வந்தது?

எல்லா அணிக்கும் வந்தது, உண்மை. மினசோட்டா தன் முக்கியமான ஆட்கள் இல்லாமலே டிசம்பர் 27 அன்று நம்மை 108-103 என்று வென்றது, அதற்குச் சாக்கே கிடையாது. ஆனால் ஒன்று சொல்வேன். ஸ்மார்ட், பிரவுன், டேட்டம், ஹார்ஃபர்ட், ராபர்ட் வில்லியம்ஸ் என்ற ஐவரும் ஒன்றாக ஆட்டத்தைத் தொடங்கிய நாள்கள் இதுவரை பாதியைக்கூட எட்டவில்லை. பிரவுனுக்குத் தொடைத் தசைப் பிரச்சினை, அப்புறம் ஒவ்வொருவராகத் தனிமைப்படுத்தல். கோச் புதியவர், முறை புதியது, ஆட்களும் மாறிக்கொண்டே இருந்தால் எதுதான் படியும்?

ஜோ ஜான்சன் வந்தாரே, பார்த்தீர்களா?

பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. 2001-இல் நாம் டிராஃப்டில் எடுத்த பையன், 40 வயதில் பத்து நாள் ஒப்பந்தத்தில் திரும்பி வந்தார். கிளீவ்லாந்துக்கு எதிராக அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கூவியது. கடைசி நிமிடங்களில் இறங்கி அதே பழைய பாணியில் ஒரு ஷாட் போட்டார். இந்த சீசனில் நான் மனம்விட்டுச் சிரித்த ஒரு சில நிமிடங்களில் அது ஒன்று.

பிப்ரவரி 10 டிரேட் கெடுவுக்குள் (அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) என்ன செய்ய வேண்டும்? ஷ்ரூடரை வைத்துக்கொள்ளலாமா?

ஷ்ரூடர் 59 லட்சம் டாலருக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தவர். நன்றாகத்தான் ஆடுகிறார், ஆனால் அவரும் பந்தைக் கையில் வைத்துத் தட்டும் ரகம். நம்மிடம் ஏற்கெனவே இரண்டு பேர் அப்படி. சீசன் முடிந்ததும் அவர் விலைக்கு நம்மால் ஒப்பந்தம் கொடுக்கவும் முடியாது, விதிகள் இடம் தராது. அதனால் இப்போதே மாற்றிவிடலாம். வேண்டியது பெரிய பெயர் இல்லை. பந்து வந்ததும் அடுத்தவருக்குத் தள்ளக்கூடிய, டிஃபென்ஸில் ஓட்டை போடாத ஒரு கார்டு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்). அதற்காக ஒரு டிராஃப்ட் உரிமை போனாலும் எனக்குச் சம்மதம். கிராண்ட் வில்லியம்ஸை மட்டும் தொடாதீர்கள். மூன்று புள்ளி ஷாட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போட்டுக்கொண்டு, எவ்வளவு பெரிய ஆளையும் தோளால் தாங்கி நிறுத்துகிறார்.

மிச்சம் 41-இல் எத்தனை ஜெயிப்போம்? துணிந்து ஒரு எண் சொல்லுங்கள்.

25. மொத்தம் 45 வெற்றி, ஆறாம் இடம், பிளே-இன் என்ற தகுதிச்சுற்றுத் தொல்லை இல்லாமல் நேராக பிளே-ஆஃப். ஐந்து பேரும் உடல்நலத்தோடு இருந்தால் இன்னும் கூடலாம். முதல் சுற்றில் இந்த டிஃபென்ஸைச் சந்திக்க எந்த அணியும் ஆசைப்படாது.

அண்ணா, பொங்கல் விடுமுறையில் எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்?

போகி அன்று விடிவதற்கு முன் மறுபடி இந்தியானா, இந்த முறை அவர்கள் ஊரில். ஜெயித்தால் 21-21. மாட்டுப் பொங்கல் காலையில் ஃபிலடெல்ஃபியா, அங்கே அவர்களின் சென்டர் எம்பீட்டை ஹார்ஃபர்டும் ராபர்ட் வில்லியம்ஸும் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதானால் இரண்டாவது. ஸ்கோரை விடுங்கள், நான்காவது கால் பகுதியில் டேட்டத்தை இரண்டு பேர் வந்து மறிக்கும்போது அவர் பந்தை என்ன செய்கிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். நானும் எண்ணப் போகிறேன், அன்று மாலை ஒப்பிட்டுப் பார்ப்போம்.