டாக்டரம்மா தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: கால்நடை மருந்தகம் ஒன்றில் உதவி மருத்துவராக இருக்கிறேன். வயது 47, சர்வீஸ் 21 வருடம். கரூர் டவுனிலிருந்து தினமும் வண்டியில் போய் வருகிறேன். மருந்தகம் இருக்கும் ஊரில் நான் போகாத தொழுவம் இல்லை. "டாக்டரம்மா, நீங்க தலைவருக்கு நின்னா எதிர்த்து நிக்க ஆளே இருக்காது" என்கிறார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நிற்கலாமா?

பதில்: அவசரப்பட்டு லெட்டர் கொடுத்துவிடாதீர்கள். முதலில் உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டவுனில் குடியிருந்தால் பெயரும் டவுன் பட்டியலில்தான் இருக்கும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல் அங்கே வார்டு மெம்பருக்குக்கூட நிற்க முடியாது. உங்களை நிற்கச் சொல்லும் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம், அந்தத் தலைவர் பதவி இந்த முறை யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு, அது உங்களுக்குச் சாதகம். ஆனால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு உண்டு, அது சுழற்சியில் மாறும். வேலையில் இருந்துகொண்டு நிற்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். 20 வருடம் முடித்துவிட்டதால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து வெளியே வரலாம், அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். நானும் இதே தொழிலில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன், ஓய்வு பெற்றதும் சொந்த ஊரில் வார்டு மெம்பருக்கு நின்று தோற்றவன். ராத்திரி ரெண்டு மணிக்குக் கன்றின் முன்னங்கால் மடங்கிக் கிடக்கும், தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டுத் திருப்பிக்கொண்டிருப்போம், வீட்டுக்காரர் டார்ச்சைப் பிடித்தபடி தெருவிளக்கு எரியாததையும், மகன் வாங்கின கடனையும், பக்கத்து வீட்டு வரப்புத் தகராறையும் சொல்லிக்கொண்டே இருப்பார். கன்று விழுந்ததும் அந்தக் குடும்பமே நம்மைக் கும்பிடும். அதை ஓட்டு என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் தப்பு. மாட்டுக்கு ஊசி போட்டபோது யாரும் என் சாதியைக் கேட்டதில்லை, வேட்புமனு கொடுத்த அன்றைக்கே கேட்டார்கள். அதோடு மேய்ச்சல் புறம்போக்கு ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும் என்று நான் பேசியிருந்தேன். ஆக்கிரமித்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் மாடு காட்டியவர்கள்.

அதனால் நிற்கவே நிற்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து வேன் அலார்ட் ஒரு கால்நடை மருத்துவர், மனைவியும் அதே தொழில். லவ்லேண்ட் என்ற ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே 1970 முதல் 1978 வரை அந்த ஊரின் சுகாதார அலுவலராக இருந்தார். மாநில செனட்டுக்குப் போனதெல்லாம் 1983-ல்தான், கடைசியில் நாட்டின் செனட்டிலேயே 12 வருடம் உட்கார்ந்தார். சொந்தத் தொழில் என்பதால் அவருக்கு ராஜினாமா பிரச்சினை இல்லை, சரி. ஆனால் ஓட்டுக் கேட்கப் போவதற்கு முன்னால் ஊர் வேலை பார்த்திருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஊர் வேலையை நீங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே பார்க்கலாம். ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடியவை என்று அரசியல் சட்டம் 29 விஷயங்களைப் பட்டியல் போடுகிறது, அதில் நாலாவது கால்நடை, பால்வளம், கோழி வளர்ப்பு. ஆனால் கிராம சபையில் தண்ணீர், சாக்கடை, ரோடு பேசி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும், மாட்டைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. துறை அலுவலர் என்ற முறையில் நீங்கள் அங்கே போய்ப் பேசலாம். நோயில் செத்த மாட்டை ஓடைக்கரையில் போட்டுவிட்டு வருகிறார்களா, அதற்கு ஊருக்குத் தள்ளி ஒரு புதைகுழி இடம் கேளுங்கள். கோமாரி தடுப்பூசி முகாமுக்கு முதல்நாள் தண்டோராவோ மைக்கோ போடச் சொல்லுங்கள், பாதி மாடு விட்டுப்போவது தகவல் தெரியாமல்தான். தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சியின் பொறுப்பு என்று மத்திய அரசின் 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன, தலைவருக்கு அதை எடுத்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? செப்டம்பர் 28 வெறிநோய் தினம், அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய், நாய் கடித்தால் மஞ்சள் வைத்துக் கட்டாதே, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார்கள்.

ரெண்டு வருடம் இப்படிப் பாருங்கள். அதற்குள் எத்தனை பேர் உங்களோடு பகைத்துக்கொள்கிறார்கள், அதில் எத்தனை பேர் மறுபடியும் மாடு காட்ட வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஊருக்கே குடி போகத் தோன்றினால் அப்போது பட்டியலில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகும்போது புதைகுழிக் கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாமல் எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள், நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறுகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.